19 நாள் வேட்பாளர்கள்

தமிழ்நாட்டுத் தேர்தல் களத்தில் பெரிய கட்சியின் வேட்பாளருக்கும் சிறிய கட்சியின் வேட்பாளருக்கும் இடையே உள்ள வேறுபாடு பணத்திலும் ஆள்பலத்திலும் அடங்கிவிடுவதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் அந்த வேறுபாட்டின் கணிசமான பகுதி சட்டத்தின் எழுத்திலேயே இருக்கிறது என்பதும், சிறு கட்சி வேட்பாளர் விடியலில் எழுந்து நள்ளிரவில் படுக்கும்வரை செய்கிற வேலைகளில் பெரும்பாலானவற்றை அந்த எழுத்துதான் தீர்மானிக்கிறது என்பதும் அவருடைய அன்றாடத்தைக் கவனித்தால் புலப்படும். 'சிறு கட்சி' என்று இங்கே குறிக்கப்படுவது, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவின்படி தேர்தல் ஆணையத்தில் பதிவு பெற்றிருந்தும், தேசியக் கட்சி என்றோ மாநிலக் கட்சி என்றோ அங்கீகாரம் பெறாத கட்சியாகும். அங்கீகாரம் என்பது முந்தைய தேர்தலில் பெற்ற வாக்கு விகிதத்தையும் வென்ற இடங்களையும் அளவுகோலாகக் கொண்டு ஆணையம் வழங்கும் தகுதி. அதைப் பெற்ற கட்சிக்கு நிலையான சின்னம் உண்டு, பெறாத கட்சிக்கு இல்லை. மற்ற ஏற்றத்தாழ்வுகள் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

2024 மக்களவைத் தேர்தலின் நாட்காட்டியைக் கொண்டு இதை அளந்து பார்க்கலாம். தமிழ்நாட்டில் வேட்புமனுத் தாக்கல் மார்ச் 20 அன்று தொடங்கி 27 அன்று முடிந்தது. 28 அன்று மனுக்கள் பரிசீலிக்கப்பட்டன. 30 அன்று மனுவைத் திரும்பப் பெறுவதற்கான கெடு முடிந்தது. ஏப்ரல் 17 மாலை 6 மணிக்குப் பிரசாரம் ஓய்ந்தது. 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. தன் வேட்பாளர்கள் அனைவருக்கும் பொதுவான சின்னம் கிடைக்காத சிறு கட்சியின் வேட்பாளருக்குத் தம் சின்னம் எது என்பது மார்ச் 30 மாலையில்தான் உறுதியானது. ஆகவே சின்னத்தைச் சொல்லி வாக்குக் கேட்க அவருக்குக் கிடைத்தவை, அந்த மாலையையும் சேர்த்து, 19 நாட்களே. அவற்றில் ரம்ஜானும் தமிழ்ப் புத்தாண்டும் அடங்கும். ஒரு மக்களவைத் தொகுதி 6 சட்டமன்றத் தொகுதிகளைக் கொண்டது. மாநிலத்தின் 39 தொகுதிகளில் சுமார் 6.23 கோடி வாக்காளர்களும் 68 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குச்சாவடிகளும் இருந்ததால், ஒரு தொகுதிக்குச் சராசரியாக 16 லட்சம் வாக்காளர்களும் 1,700க்கு மேற்பட்ட சாவடிகளும் வருகின்றன. 19 நாட்களில் இந்தப் பரப்பு முழுவதையும் ஒருமுறையாவது தொட்டுவிட வேண்டுமானால், அவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 சாவடிப் பகுதிகளுக்குச் சென்று 84 ஆயிரம் வாக்காளர்களின் காதில் தம் பெயரையும் சின்னத்தையும் போட வேண்டும். உதயசூரியனையோ இரட்டை இலையையோ மூன்று தலைமுறைகளாக அறிந்திருக்கும் வாக்காளரிடம், கட்சித் தலைமை பெயரை அறிவித்த அன்றே வாக்குக் கேட்கத் தொடங்கிவிடுகிற வேட்பாளருடன் அவர் போட்டியிடுகிறார் என்பதை மறந்துவிடலாகாது.

இந்தக் கால அளவு இதைவிடக் குறுகவும் இன்றைய சட்டம் இடம் தருகிறது. மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 20 நாட்கள் இருக்க வேண்டும் என்றிருந்த விதி 1996ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 14 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தலில்தான், தங்கள் குறைகளின்பால் நாட்டின் கவனத்தைத் திருப்புவதற்காக விவசாயிகள் திரளாக மனுத்தாக்கல் செய்ததால், மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டே புத்தகமாக அச்சிடப்பட நேர்ந்தது. அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் அவ்வாண்டில் 480 பேர் களத்தில் இருந்தனர். விளையாட்டாகப் போட்டியிடுவோரைத் தடுப்பது என்ற நோக்கம் சட்டத் திருத்தத்துக்கு வலுவான காரணமாக இருந்தது. அதுவரை சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாகவும் மக்களவைக்கு 500 ரூபாயாகவும் இருந்த வைப்புத்தொகை, அதாவது மக்கள் வழக்கில் டெபாசிட், முறையே 5 ஆயிரமாகவும் 10 ஆயிரமாகவும் உயர்ந்தது. 2010 முதல் அது 10 ஆயிரமும் 25 ஆயிரமுமாக இருக்கிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இதில் பாதி. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு அத்தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும் என்றும், மற்றவர்களுக்குப் 10 பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆனது. வாக்குப்பதிவுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டுமே தேர்தல் தள்ளிவைக்கப்படும் என்று 52ஆம் பிரிவு மாற்றப்பட்டது. சிறு கட்சி வேட்பாளர் இறந்துபோனால் தேர்தல் குறித்த நாளில் நடந்து முடியும். விளையாட்டு வேட்பாளர்களுக்காக நெய்யப்பட்ட வலையில், ஆண்டுக்கணக்காகத் தெருவில் நின்று ஒரு கொள்கைக்காக வேலை செய்கிற கட்சிகளும் சேர்ந்தே சிக்கின என்பது இத்திருத்தத்தின் பெரிய குறை.

முன்மொழிபவர் 10 பேரைத் திரட்டுவது எளிய சடங்கு என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். அந்தப் 10 பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் அவர்களுடைய பாக எண்ணும் வரிசை எண்ணும் பிழையின்றிக் குறிக்கப்பட வேண்டும். அவர்களுள் எவரும் பின்னர் மிரட்டலுக்கோ ஆசைக்கோ ஆட்பட்டுத் தம் கையெழுத்தை மறுத்துவிடக் கூடாது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் சுயேச்சையாக மனுத்தாக்கல் செய்த நடிகர் விஷாலின் மனு, முன்மொழிந்தவர்களில் இருவர் அந்தக் கையெழுத்துகள் தங்களுடையவை அல்ல என்று கூறியதால் நிராகரிக்கப்பட்டது. நாடறிந்த நடிகருக்கே இது நேரும்போது, பீடித் தொழிலாளியையும் தள்ளுவண்டிக்காரரையும் முன்மொழிய வைத்திருக்கும் வேட்பாளர் பரிசீலனை நாள்வரை எத்தகைய பதைப்போடு இருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. சொத்து, கடன், வழக்கு, கல்வி ஆகியவற்றைப் பற்றிய உறுதிமொழிப் பத்திரமான படிவம் 26இல் ஒரு கட்டம் வெற்றாக விடப்பட்டாலும் மனு தள்ளுபடியாகக்கூடும் என்பதால், பிரசாரத்துக்குப் போயிருக்க வேண்டிய மார்ச் மாதத்தின் கடைசி நாட்கள் நோட்டரி வழக்கறிஞர் அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கழிகின்றன.

சின்னத்தின் கதை தனியே சொல்லத் தக்கது. 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஒதுக்கீட்டு ஆணையின் 10-பி பத்தி, அங்கீகாரமற்ற கட்சியும் தன் வேட்பாளர்கள் அனைவருக்கும் ஒரே சின்னத்தைக் கேட்டுப் பெற வழிசெய்கிறது; ஆனால் அதற்கு மக்களவைத் தேர்தலில் குறைந்தது 2 தொகுதிகளிலும், சட்டமன்றத் தேர்தலில் மொத்த இடங்களில் 5 சதவீதத்திலும் போட்டியிட வேண்டும், ஆணையம் வெளியிடும் தனிச்சின்னப் பட்டியலிலிருந்து முன்னுரிமை வரிசையில் 10 சின்னங்களைக் குறித்து விண்ணப்பிக்க வேண்டும், முந்தி வந்தவருக்கே முதலிடம். 2019இலும் 2021இலும் கரும்பு விவசாயி சின்னத்தில் நின்று அதை ஊர் ஊராகப் பதியவைத்த நாம் தமிழர் கட்சி, 2024இல் அதே சின்னம் முன்னதாக விண்ணப்பித்த கர்நாடகக் கட்சியொன்றுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால், டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியும் பயனின்றி, மைக் சின்னத்துக்கு மாற வேண்டியதாயிற்று. திருச்சியில் மட்டும் போட்டியிட்ட மதிமுக, தன் பழைய பம்பரத்தைக் கேட்டும் கிடைக்காமல் தீப்பெட்டிச் சின்னத்தில் நின்றது. அதன் வேட்பாளர் துரை வைகோ 3 லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றதைக் காட்டி, புதிய சின்னம் ஒரு தடையே அல்ல என்று வாதிடுவோர் உண்டு. அந்தத் தீப்பெட்டியைத் தெருத்தெருவாகக் கொண்டு சென்றது திமுக கூட்டணியின் ஒன்றிய, கிளை அமைப்பு முழுவதும் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கூட்டணி இல்லாத வேட்பாளருக்கு அந்த வேலையைச் செய்ய இருப்பவை ஒரு குட்டியானை வண்டியும், வாடகை மைக் செட்டும், விடுப்பெடுத்து வந்த பத்திருபது தோழர்களும்தான்.

அவருடைய நாள் உழவர் சந்தையிலோ மீன் மார்க்கெட்டிலோ தொடங்குகிறது. ஒலிபெருக்கிக்கு அனுமதி காலை 6 மணியிலிருந்துதான் என்பதால், அதற்கு முந்தைய நேரத்தில் நடைப்பயிற்சி செய்வோரிடமும் டீக்கடை வாசலில் நாளிதழ் புரட்டுவோரிடமும் கைகூப்பித் துண்டறிக்கை கொடுக்கப்படுகிறது. திருப்பூர், ஓசூர், திருப்பெரும்புதூர் போன்ற ஊர்களில் கம்பெனிப் பேருந்துகள் புறப்படுமுன் தொழிலாளரைப் பிடித்துவிட வேண்டும். எட்டு மணிக்குமேல் வண்டி வீதிகளுக்குள் நுழைகிறது. பெரிய கட்சி வேட்பாளர் திறந்த வாகனத்தில் நிற்க, பேசுவதற்கு ஒருவர், முன்னே சென்று கூட்டம் சேர்க்க ஒருவர், ஆரத்தி எடுப்போரை வரிசைப்படுத்த ஒருவர் என்று ஆட்கள் இருப்பார்கள். சிறு கட்சி வேட்பாளரோ தாமே மைக்கைப் பிடித்துப் பேசி, தாமே இறங்கி ஓடி நோட்டீஸ் கொடுத்து, தாமே டீசலுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கிறார். நண்பகலை ஒட்டி ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்கள், அதாவது மக்கள் நூறு நாள் வேலை என்று அழைக்கும் பணி நடக்கும் குளக்கரைகளும் வாய்க்கால்களும், அவருக்குப் பெரும் உதவியாக அமைகின்றன. ஒரே இடத்தில் நூறு பெண்களைச் சந்திக்கவும், மரநிழலில் நின்று பத்து நிமிடம் தடையின்றிப் பேசவும் அங்கேதான் முடிகிறது. 2024 ஏப்ரலில் ஈரோடு போன்ற மாவட்டங்களில் வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டியதால், மதியம் 12 முதல் 4 வரை வீதிப் பிரசாரம் ஏறத்தாழ நின்றுபோனது. 19 நாட்களில் இந்த நான்கு மணி நேரங்களைக் கழித்தால் மிஞ்சுவது இன்னும் சொற்பம்.

வாக்காளர் கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. "எந்தச் சின்னம்பா?" என்பது முதல் கேள்வி, "எந்தக் கூட்டணி?" என்பது அடுத்தது, "ஓட்டைப் பிரிக்க நிக்கிறீங்களா?" என்பது மூன்றாவது. இவற்றைக் கடந்த பிறகுதான் ஏரி ஆக்கிரமிப்பு, மணல் குவாரி, டாஸ்மாக் கடை, நின்றுபோன டவுன் பஸ் ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு தொடங்குகிறது. மூன்றாவது கேள்விதான் வேட்பாளரை மிகவும் துன்புறுத்துவது. தம் சொந்த நம்பிக்கையை முன்வைத்து நிற்கும் ஒருவரை வேறொருவருடைய வெற்றிக்கோ தோல்விக்கோ கருவியாக மட்டும் பார்க்கும் பார்வை அதில் இருக்கிறது. "நல்லாத்தான் தம்பி பேசுறீங்க, ஆனா ஜெயிக்கிற ஆளுக்குத்தானே போடணும்" என்று பரிவோடு சொல்லும் முதியவரிடம் கோபப்படவும் முடியாது. அந்தப் பரிவைப் பொறுமையாகக் கேட்டு, தோற்றாலும் பதிவாகும் வாக்குக்கு என்ன பயன் என்பதை ஒவ்வொரு திண்ணையிலும் புதிதாக விளக்கும் இந்த உரையாடல்தான், தமிழ்நாட்டுத் தேர்தலில் இன்று மிஞ்சியிருக்கும் உண்மையான அரசியல் கல்வி. பெருந்திரள் பொதுக்கூட்டங்களில் அது நடப்பதில்லை.

பெண் வேட்பாளரின் நாள் இதைவிடக் கடினமானது. 2024இல் தமிழ்நாட்டில் களத்தில் நின்ற 950 பேரில் பெண்கள் 76 பேர் மட்டுமே. அவர்களில் ஏறத்தாழக் கால் பங்கினர், புதுச்சேரி உட்பட 40 தொகுதிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிய நாம் தமிழர் கட்சியைச் சேர்ந்தவர்கள். பெண்களுக்குப் பெரிய கட்சிகள் ஒதுக்கத் தயங்கும் இடத்தை அங்கீகாரம் பெறாதிருந்த ஒரு கட்சி ஒதுக்கியது என்பதை, அதன் கொள்கைகளோடு உடன்படாதவர்களும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். கழிப்பறை இருக்கும் வீட்டையோ பெட்ரோல் பங்க்கையோ கணக்கிட்டு வழித்தடத்தை வகுப்பது, அதற்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நிற்பது, கைக்குழந்தையை உறவினரிடம் விட்டு வருவது, இரவுக் கூட்டம் முடிந்து ஒற்றை வண்டியில் திரும்புவது ஆகியவை எந்தத் தேர்தல் அறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. எனினும் வீட்டின் கொல்லைப்புறம்வரை சென்று பெண்களிடம் அமர்ந்து பேசும் உரிமை அவருக்கு இயல்பாகவே கிடைக்கிறது. ஆண் வேட்பாளர் எவருக்கும் அது வாய்ப்பதில்லை.

மாலை 4 மணிக்கு மீண்டும் வண்டி கிளம்பும்போது அனுமதிச் சீட்டின் பிரச்சினை எழுகிறது. வாகனத்துக்கும், தெருமுனைக் கூட்டத்துக்கும், ஒலிபெருக்கிக்கும் முன்கூட்டியே தனித்தனி அனுமதி பெற வேண்டும்; வாகன அனுமதியின் அசலை முகப்புக் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். பெரிய தலைவர் ஒருவர் அதே சாலையில் வருகிறார் என்றால், முன்னரே பெற்ற அனுமதி இருந்தாலும் சிறு கட்சியின் வண்டி ஓரங்கட்டப்படுவது வழக்கமாக நடக்கிறது. சாலைச் சந்திப்புகளில் பறக்கும் படையும் நிலைக் கண்காணிப்புக் குழுவும் சோதனையிடுகின்றன. துண்டறிக்கையில் அச்சகத்தின் பெயரும் முகவரியும் வெளியிட்டவரின் பெயரும் உள்ளனவா என்று 127-ஏ பிரிவின்படி பார்க்கப்படுகிறது. இரவு 10 மணிக்கு மைக் அணைந்த பிறகும் நாள் முடிந்துவிடுவதில்லை. மனுத்தாக்கலுக்கு முன்பே தொடங்கப்பட்ட தனி வங்கிக் கணக்கின் வழியாக நடந்த செலவு, ரொக்கமாக நடந்த செலவு, அன்றாட மொத்தம் ஆகியவற்றை ஆணையம் தந்த பதிவேட்டின் மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளைத் தாள்களில் எழுத வேண்டும். பிரசாரக் காலத்தில் மூன்று முறை அதைச் செலவினப் பார்வையாளரிடம் காட்ட வேண்டும். தோழர்கள் குடித்த தேநீருக்கும் தின்ற இட்லிக்கும் வாடகை நாற்காலிக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் நிர்ணயித்த விலைப்படியே கணக்கு எழுதப்படுகிறது.

மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம் ரூபாய் என்ற செலவு உச்சவரம்பு இருக்கிறது. ஆனால் கட்சி தன் பெயரில் செய்யும் பொதுவான பிரசாரச் செலவுக்கு உச்சவரம்பே இல்லை, நட்சத்திரப் பேச்சாளர்களின் பயணச் செலவும் வேட்பாளர் கணக்கில் சேர்வதில்லை. அத்தகைய பேச்சாளர்களை அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 பேர்வரையும் மற்றக் கட்சி 20 பேர்வரையும் அறிவிக்கலாம். உண்டியல் வசூலிலும் நண்பர்களின் கைமாற்றிலும் சில லட்சங்களைத் திரட்டும் வேட்பாளருக்கு உச்சவரம்பு எட்டாத உயரம். கணக்கு எழுதும் கடமை மட்டும் சமம். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த தேர்தல் பத்திரத் திட்டமும், முந்தைய தேர்தலில் 1 சதவீத வாக்காவது பெற்ற கட்சிகளுக்கே திறந்திருந்தது. இதற்கு மேல், குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவர்கள் அதன் விவரத்தை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரமாக வெளியிட வேண்டும் என்ற விதி, குவாரிக்கு எதிராகச் சாலை மறியல் செய்து வழக்கு வாங்கியவரையும் கொள்ளை வழக்கில் சிக்கியவரையும் ஒரே செலவுக்கு உட்படுத்துகிறது. விதியின் நோக்கம் நேர்மையானது. மக்கள் போராட்டத்தில் பதிவான வழக்கைப் பிரித்துப் பார்க்க அதில் இடமில்லை என்பதே குறை.

கடைசி இரண்டு இரவுகள் எல்லாவற்றையும்விட வேதனையானவை. வாக்குக்குப் பணம் கொடுக்கப்படுவதை அறிந்தும் எதிர்கொள்ள முடியாமல் நிற்கும் இரவுகள் அவை. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் பணப் பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்தவர்கள் மறுபடியும் களத்துக்கு வந்தார்கள், கடன் வாங்கி நின்றவர்கள் மறுபடியும் ஒரு பிரசாரச் செலவைத் தாங்க வேண்டியதாயிற்று.

வாக்குப்பதிவு நாளில் ஒவ்வொரு சாவடியிலும் ஒரு முகவரை, அதாவது பூத் ஏஜென்ட்டை, அமர்த்தும் உரிமை எல்லா வேட்பாளருக்கும் உண்டு. 1,700 சாவடிகளுக்கு 1,700 பேர் வேண்டும். சிறு கட்சிக்குச் சில நூறு பேர் கிடைத்தாலே பெரிது. முகவர் இல்லாத சாவடியில் மாதிரி வாக்குப்பதிவைப் பார்க்கவும், பதிவான வாக்குகளின் எண்ணிக்கையைக் கொண்ட 17-சி படிவத்தின் நகலைக் கையெழுத்திட்டு வாங்கவும் வேட்பாளர் சார்பில் எவரும் இருப்பதில்லை. வாக்காளர் பட்டியலின் இலவச நகல்கூட 78-ஏ பிரிவின்படி அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்களுக்கே உரியது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பெயர் வரும் வரிசையிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சியினருக்கே முதலிடம். 2024இல் 54 பேர் போட்டியிட்ட கரூரில், நோட்டாவையும் சேர்த்து நான்கு இயந்திரங்கள் வரிசையாக வைக்கப்பட்டபோது, புதிய சின்னம் ஒன்றை இரண்டாவது இயந்திரத்திலோ மூன்றாவதிலோ தேடிக் கண்டுபிடிக்க வாக்காளருக்கு உறுதியான விருப்பம் இருந்தாக வேண்டியிருந்தது.

பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்குமேல் பெறாதவருக்கு வைப்புத்தொகை திரும்பக் கிடைக்காது. 11 லட்சம் வாக்குகள் பதிவான தொகுதியில் அது சுமார் 1 லட்சத்து 83 ஆயிரம். டெபாசிட் போனதைக் கேலிப் பொருளாக்கும் பழக்கம் நம் மேடைகளில் நெடுங்காலமாக உண்டு. அதை விட்டொழிக்க வேண்டும். 2016 சட்டமன்றத் தேர்தலில் இரட்டை மெழுகுவர்த்திச் சின்னத்தில் 1 சதவீதத்தைச் சற்றே தாண்டிய நாம் தமிழர் கட்சி, ஓரிடமும் வெல்லாமலேயே 2024இல் 8 சதவீதத்தைக் கடந்து, 2025 ஜனவரியில் மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றது. மறுபக்கம், ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நிற்காத 334 கட்சிகளை 2025 ஆகஸ்டிலும் 474 கட்சிகளைச் செப்டம்பரிலும் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. பெயரளவில் இருக்கும் கட்சிகளைக் களைய ஆணையத்தால் முடிகிறது என்பதை இது காட்டுகிறது. ஆகவே, போலிகளைக் காரணம் காட்டி உண்மையாக நிற்பவர்களைச் சுமைக்கு உள்ளாக்குவதற்கு இனி நியாயமில்லை.

முடிவு அறிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் மூன்றாண்டுகள் தேர்தலில் நிற்கத் தகுதியிழப்பு நேரலாம் என்பதால், தோற்ற வேட்பாளர் ரசீதுகளோடு மீண்டும் ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்கிறார். அவர் அடுத்த முறை வரும்போதாவது, சின்னம் தேர்தல் அறிவிப்பு நாளிலேயே கையில் இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் எல்லா வேட்பாளருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே பழையபடி குறைந்தது 20 நாட்கள் உறுதி செய்யப்பட வேண்டும். 52ஆம் பிரிவு எல்லா வேட்பாளரின் உயிரையும் ஒன்றாக மதிக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. சின்னங்கள் ஆணையைத் தேர்தல் ஆணையமே திருத்தலாம், மற்றவற்றுக்கு நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும்.